கதவின் உள்பக்கம் எழுதிய வினாடிகள்

போன மாதம் என் தங்கை கணவர் இறந்தபோது, ஆணியில் மாட்டியிருந்த அவர் சட்டைப் பையில் விரல் நீளத்துக்கு ஒரு சாக்பீஸ் துண்டு இருந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆன மனிதர். வீட்டில் கரும்பலகை கிடையாது. எழுதிக் காட்டச் சின்னப் பிள்ளைகளும் கிடையாது. தங்கை அதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, "இதை நீங்களே வச்சுக்கங்க அண்ணே" என்றாள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் யார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. காற்றாலை வேலைக்குக் கயிறு இழுக்கும் கூலியாக வந்தவன். இன்று என் ஷெட்டில் நாலு கிரேன் நிற்கிறது, அறுபது பேர் என்னை நம்பிச் சாப்பிடுகிறார்கள். பட்டம் வாங்கிய எஞ்சினியர்கள் என் எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, "இதை எப்படித் தூக்கறது, நீங்க சொல்லுங்க" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். யாரும் எனக்குத் தூக்கிக் கொடுத்ததில்லை. எல்லாம் இந்த இரண்டு கை சம்பாதித்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை. ஆனால் இந்த எழுத்து அவரைப் பற்றியது. நான் நடுவே நடுவே வருவேன். வராமல் இந்தக் கதையைச் சொல்ல வழியில்லை.

அவரை எல்லாரும் சாக்பீஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் மட்டும் மாப்பிள்ளை என்பேன். சிறு வயதில் ஒரு மாவு மில்லில் எஞ்சின் ஓட்டியவர். ஓடுகிற பெல்ட்டில் இடது கை சிக்கி இரண்டு விரல் போய்விட்டது. அதற்குப் பிறகு, சுற்றுகிற எதையும் அவர் நம்பியதில்லை. முதல் முறை எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தபோது நாற்காலியில் உட்காராமல் மேலே பார்த்துக்கொண்டே நின்றார்.

"என்ன மாப்பிள்ளை, ஒட்டடை தெரியுதா?" என்றேன்.

"ஃபேன் ஆடுதுங்க. ஒரு நிமிஷம் நிறுத்துங்களேன்."

நிறுத்தி, முக்காலி போட்டு ஏறிப் பார்த்தால், மேலே கொக்கியில் நட்டு பாதி கழன்று கிடக்கிறது. பத்து வருடமாக அதன் அடியில்தான் நாங்கள் படுத்துத் தூங்கினோம். "இவருக்கு என்னைவிட ஃபேன்தான் பிடிச்சிருக்கு போல" என்று என் தங்கை உள்ளே சிரித்தது கூடம் வரை கேட்டது. கல்யாணம் முடிந்த கையோடு அவரை என்னிடமே வேலைக்குச் சேர்த்துக்கொண்டேன். அப்போது ஒரு கம்பெனியின் முப்பத்தோரு காற்றாலைகளைப் பராமரிக்கும் கான்ட்ராக்ட் என்னுடையது. அவருக்கு நான் கொடுத்தது நிறுத்தும் வேலை.

காற்றாலையைச் சுற்ற வைப்பதில் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. காற்று அடித்தால் அது தானாகச் சுற்றும். பலத்த காற்றில் அதைக் கட்டுக்குள் வைப்பதுதான் வேலை. எங்களுடையது பழைய மாடல். கரண்ட் கம்பியோடு இணைப்பு இருக்கும்வரை கம்பி அதைப் பிடித்துவைத்திருக்கும், காற்று எவ்வளவு அடித்தாலும் ஒரே வேகம். கம்பியில் கரண்ட் போன அந்த நொடியில் அது கயிறறுத்த காளை. அந்த நேரத்துக்காகவே மூன்று இறக்கைகளின் நுனியிலும் ஆள் உயரத்துக்கு ஒரு துண்டு தனியாக இருக்கும். எண்ணெய் அழுத்தம் அதை உள்ளே இழுத்துப் பிடித்திருக்கும். கரண்ட் போனால் அழுத்தமும் போகும், நுனித்துண்டு வெளியே வந்து குறுக்கே திரும்பிக் காற்றை மறிக்கும். இறக்கை தளர்ந்து நிற்கும். மிச்ச வேகத்தைப் பிடிக்க மேலே பெட்டிக்குள் இரும்புத் தட்டுப் பிரேக் ஒன்று உண்டு. மூன்று நுனியும் ஒழுங்காகத் திறந்தால்தான் அந்தப் பிரேக்குக்கு உயிர். இல்லாவிட்டால் அது எரிந்துபோகும்.

ஒவ்வொரு வருடமும் காற்றுக் காலம் தொடங்குவதற்கு முன் மாப்பிள்ளை ஒவ்வொரு டவராகப் போவார். மெஷின் முழு வேகத்தில் ஓடும்போது நுனியை மட்டும் திறந்துவிட்டு, இறக்கை தளர எத்தனை வினாடி ஆகிறது என்று எண்ணுவார். எண்ணியதை டவர் கதவின் உள்பக்கம் சாக்பீஸால் எழுதுவார். பன்னிரண்டு. அடுத்த வருடம் அதன் கீழே இன்னொரு பன்னிரண்டு. இருபது வரை போகலாம் என்று புத்தகத்தில் இருந்தது. அவர் புத்தகத்தைப் பார்க்க மாட்டார். மேலே இருக்கும் எண்ணைப் பார்ப்பார்.

"பதினாலு நல்ல நம்பர்தானே மாப்பிள்ளை?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"பதினாலாவே பிறந்திருந்தா நல்ல நம்பர். பன்னெண்டுலேருந்து பதினாலுக்கு வந்திருந்தா காய்ச்சல்."

காதும் அப்படித்தான். டவரிலிருந்து ஐம்பது அடி தள்ளி நின்று, கண்ணை மூடிக்கொண்டு, இறக்கை காற்றை வெட்டும் சத்தத்தை எண்ணுவார். பத்து வினாடிக்குப் பத்தொன்பது வெட்டு, அதுதான் சரியான ஓட்டம். மூன்று விரல் இருக்கும் கையால் தொடையில் தட்டிக்கொண்டே எண்ணுவார். கன்ட்ரோல் ரூம் மீட்டரைப் பார்த்துவிட்டு வந்து சொல்வேன், இரண்டும் ஒன்றாக இருக்கும். "அப்ப மீட்டர் நல்லாத்தான் இருக்கு" என்பார்.

பதினாலு வருடம் இப்படிப் போனது.

பதினைந்தாவது வருடம் கம்பெனி முதலாளிகள் பார்வையிட வருகிறார்கள் என்று தகவல் வந்தது. நான் சுத்தத்துக்குப் பேர்போனவன். என் சைட்டில் தரையில் சிந்திய எண்ணெயைப் பார்க்க முடியாது. முப்பத்தோரு டவருக்கும், உள்ளும் வெளியும், வெள்ளைப் பெயிண்ட் அடிக்கச் சொன்னேன். கதவின் உள்பக்கத்தையும் விடவில்லை. மாப்பிள்ளை அந்த வாரம் உடம்பு சரியில்லாமல் வீட்டில் இருந்தார். நான் அதை யோசிக்கவே இல்லை. கிறுக்கல் போனால் பளிச்சென்று இருக்கும், அவ்வளவுதான் என் மனசில். வந்தவர்கள் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரி மாதிரி வச்சிருக்கீங்க" என்று சொல்லி என் கையைக் குலுக்கினார்கள்.

மறுநாள் வேலைக்கு வந்தவர் முதல் டவரின் கதவைத் திறந்தார். அப்படியே நின்றார். பிறகு நகத்தால் பெயிண்டை மெல்லச் சுரண்டிப் பார்த்தார்.

"மச்சான், பதினாலு வருஷத்தை அழிச்சிட்டீங்க."

"அட, சுவத்துல கிறுக்கினதுக்கு இவ்வளவா? எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கே."

"நின்னுதா, நிக்கலையான்னுதான் அதுல இருக்கும். எத்தனை வினாடின்னு இருக்காது."

"உங்க மண்டையில இருக்குமே."

"பெரும்பாலும் இருக்கு. ஏழு, பதினொண்ணு, இருபத்திரெண்டு, இந்த மூணுலதான் சந்தேகம். போன வருஷமே ஏறியிருந்துச்சு, இந்த வருஷம் பிரிச்சுப் பாக்கணும்னு வச்சிருந்தேன். எவ்வளவுன்னு சரியா நிக்கல. எனக்கு அரை நாள் குடுங்க. மூணையும் நிறுத்தி எண்ணிடறேன்."

காற்று ஒரு வாரம் முன்னதாகவே தொடங்கிவிட்டது. வருடத்தில் நல்ல காற்று அடிக்கும் நாட்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. முதலாளிகள் ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் மூன்று மெஷினை நிறுத்தி வைத்தால் என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது? சீசன் முடியட்டும் என்றேன். மறுபடி கேட்டார். "நான் சொன்னா சொன்னதுதான்" என்றேன். மூன்றாவது தடவை அவர் கேட்கவில்லை. என்னிடம் மூன்றாவது தடவை கேட்டவர்கள் கிடையாது, அதை அன்றைக்குப் பெருமையாகத்தான் நினைத்தேன்.

ஒன்பதாம் நாள். மதியச் சாப்பாடு முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தோம். காலையிலிருந்தே காற்று நிற்க விடவில்லை. தட்டில் இருந்ததில் பாதி மண். அப்போது எங்கோ தூரத்தில் மின்கம்பி அறுந்திருக்க வேண்டும். கன்ட்ரோல் ரூம் விளக்கு அணைந்தது. வெளியே ஓடி வந்தோம். முப்பது காற்றாலைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து நின்றன. இருபத்திரண்டு நிற்கவில்லை.

கன்ட்ரோல் ரூமிலிருந்து அது கூப்பிடு தூரத்துக்கு இரண்டு மடங்கு இருக்கும். நாங்கள் நின்றது காற்று வரும் பக்கம். அங்கிருந்தே சத்தம் கேட்டது. வழக்கமான வெட்டுக்கு நடுவே ஒரு விசில்.

"ஒரு நுனி திறக்கல" என்றார் மாப்பிள்ளை. தொடையில் கை தட்டிக்கொண்டிருந்தது. "இருபத்திநாலு."

மேல் பெட்டியிலிருந்து புகை வந்தது. பிரேக் எரிகிறது.

அந்தப் பெட்டிக்குள் ஒரு கைப்பிடி உண்டு. அதைச் செருகிச் சுற்றினால் மெஷினின் தலை அங்குலம் அங்குலமாகத் திரும்பும். காற்றுக்கு முகம் காட்டாமல் முழுசாகத் திருப்பிவிட்டால் இறக்கை தளர்ந்துவிடும். "ஏணி!" என்று கத்தினேன். ஏணி என்பது எங்கள் ஆட்களிலேயே வேகமாக ஏறுகிறவனின் பட்டப்பெயர். முப்பது வயது, வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள். நான் கூப்பிடுவதற்கு முன்பே அவன் இடுப்பு பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தான்.

"ஏறித் தலையைத் திருப்புடா. மெஷினைக் காப்பாத்திட்டா நாளையிலேருந்து நீதான் ஃபோர்மேன்."

"நாலே நிமிஷம் சார், மேல இருப்பேன்" என்று சொல்லிக்கொண்டே அவன் உள்ளே ஓடினான். சாவிகள் உள்ளே ஒரு பலகையில் முப்பத்தோரு கொக்கிகளில் தொங்கும். அடுத்த நொடி திரும்பி வந்தான். "சார், இருபத்திரெண்டு சாவி இல்ல."

"அந்த மூணு சாவியும் எங்கிட்ட இருக்கு" என்றார் மாப்பிள்ளை.

"குடுங்க அதை" என்றேன்.

"மாட்டேன் மச்சான்."

என் முன்னால் அந்த வார்த்தையை அதுவரை யாரும் சொன்னதில்லை. எட்டு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சட்டையைச் சேர்த்துப் பிடித்து உலுக்கினேன். பையில் இருந்த சாக்பீஸ் நொறுங்கியது என் விரலுக்குத் தெரிந்தது. அவர் என் கையைத் தட்டிவிடவில்லை. என்னையே பார்க்கவில்லை. அவர் பேசியது ஏணியிடம்.

"இங்க வா. கண்ணை மூடு. நான் கையைக் காட்டறப்ப தொடங்கு, மறுபடி காட்டறப்ப நிறுத்து. அந்தச் சத்தத்தை எண்ணு."

ஏணி எண்ணினான். "இருபத்தஞ்சு."

"இன்னொரு தடவை எண்ணு."

"இருபத்தாறு."

"ஏற நாலு நிமிஷம். தலையைத் திருப்ப அரை மணி. ஏறிக்கிட்டே போற இந்த நம்பர் அரை மணி தாங்குமா, நீயே சொல்லு. நீ தாங்கும்னு சொன்னா சாவியைத் தர்றேன்."

ஏணி என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். இடுப்பு பெல்ட்டின் கொக்கியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றான்.

"கோழை!" என்றேன். ஏணியை அல்ல, என் தங்கை கணவரை. "ரெண்டு விரல் போனதோட உங்க தைரியமும் போயிடுச்சு. கூட இருக்கறவனையும் கெடுக்கறீங்க." இன்னும் என்னென்னவோ சொன்னேன். எழுதும் தரத்தில் இல்லை.

அவர் ரோட்டுக்கு இரண்டு பேரை அனுப்பினார், வண்டிகளை மறிக்கச் சொல்லி. டவருக்குப் பின்பக்க வயலில் வேலை செய்துகொண்டிருந்தவர்களை விரட்டி அழைத்துவர இன்னும் இரண்டு பேர். மற்றவர்களைக் கட்டடத்துக்குப் பின்னால் போகச் சொன்னார். அதெல்லாம் நான் சொல்லியிருக்க வேண்டியது. பிறகு எண்ணிக்கொண்டே இருந்தார். இருபத்தெட்டு. முப்பது. முப்பத்திரண்டுக்குப் பிறகு தட்டுவதை நிறுத்திவிட்டார்.

முதலில் ஒரு இறக்கை பிய்த்துக்கொண்டு போனது. வயலைத் தாண்டி விழுந்தது. மிச்சம் இரண்டும் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்ட, டவர் நடுவில் மடிந்து, தரை அதிர விழுந்தது. அடியில் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு மட்டும் நின்றது, கதவோடு. கரண்ட் போனதிலிருந்து பதினோரு நிமிஷம். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. அது அன்றைக்கு என் கண்ணில் படவே இல்லை. என் சைட்டில் ஒரு டவர் விழுந்துவிட்டது. அது மட்டும்தான் பட்டது.

விசாரணைக்குக் கம்பெனி எஞ்சினியர் ஒருவர் வந்தார். சாவியை ஒளித்துவைத்து மெஷினைக் காப்பாற்ற விடாமல் தடுத்தார் என்று நான் சொன்னேன். பொய் இல்லையே. எஞ்சினியர் மாப்பிள்ளையைப் பார்த்து, "இந்த மெஷினோட பழைய ரீடிங் ஏதாவது வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

"இருந்துச்சு சார். இப்ப இல்ல."

நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். பெயிண்ட் என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து இப்போது வரும், அப்போது வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. எஞ்சினியரும் அதற்கு மேல் தோண்டவில்லை. மாப்பிள்ளையின் டவர் அனுமதி அட்டையை வாங்கிக்கொண்டார்கள். அவரை கேட்டில் உட்கார வைத்தேன், வரும் வண்டிகளின் நம்பரை எழுத. நானே செய்ததுதான் அது.

தங்கை என் வீட்டுக்கு வருவதை நிறுத்தினாள். ஒரு நாள் நான் போனேன். வாசலிலேயே நிறுத்தி வைத்தாள்.

"அண்ணே, அவருக்கு ரெண்டு விரல் இல்லன்னு தெரிஞ்சுதான் கட்டிக்கிட்டேன். உங்களுக்கு என்ன இல்லன்னு இப்பத்தான் தெரியுது."

உள்ளே அவர் தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "உள்ள வரச் சொல்லும்மா, வெயில்ல நிக்கறார்" என்ற குரல் கேட்டது. நான் திரும்பி வந்துவிட்டேன். வெயிலில் நின்றது வலிக்கவில்லை. அந்தக் குரல்தான் வலித்தது.

பத்து மாதம் ஆயிற்று. விழுந்த டவரை வெட்டி எடுக்கும் வேலையும் எனக்குத்தான் வந்தது. அடித்துண்டை கிரேனில் தூக்கிக் கிடத்தினோம். கதவு கீல் உடைந்து, உள்பக்கம் வெளியே தெரிய, ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் அப்படியே திறந்து கிடந்திருந்தது. கிரேனுக்குக் கை காட்டிக்கொண்டிருந்த நான் அந்தக் கதவைப் பார்த்ததும் கையை இறக்கிவிட்டேன்.

சாக்பீஸ் பொடியின் மேல் பெயிண்ட் ஒட்டாது. எண்கள் இருந்த இடத்தில் மட்டும் வெள்ளை உரிந்து விழுந்து, அடியில் இருந்த பழைய சாம்பல் நிறம் தெரிந்தது. வேறெதுவும் அப்போது எனக்குச் சரளமாகப் படிக்க வராது, எண் வரும். பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு என்று வரிசையாகப் பத்து. பிறகு பதிமூன்று இரண்டு தடவை. பிறகு பதினைந்து. கடைசியில் பதினெட்டு.

வெட்டுகிறவன் கேஸ் கட்டரைப் பற்றவைத்துக்கொண்டு, "சார், இதையும் துண்டு போட்டுடவா?" என்றான். சரி என்று ஒரு தலையசைப்பு போதும், முடிந்திருக்கும். அந்த இடத்தில் அந்த எண்களுக்கு அர்த்தம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். வெகுநேரம் நின்றேன். பிறகு கதவை மட்டும் தனியாகக் கழற்றச் சொன்னேன். லாரியில் ஏற்றி, எஞ்சினியர் ஆபீசுக்கே கொண்டுபோய், அவர் மேஜைக்கு எதிரே சுவரில் சாய்த்து நிறுத்தினேன். யார் பெயிண்ட் அடிக்கச் சொன்னது, யார் அரை நாள் கேட்டது, யார் மறுத்தது, எல்லாவற்றையும் நின்றுகொண்டே சொன்னேன். நாற்காலி கொடுத்தார், உட்காரவில்லை. அந்தக் கான்ட்ராக்டில் பாதி என் கையை விட்டுப் போனது. மறுபடி மேலே வந்தேன், அது வேறு கதை. மாப்பிள்ளைக்கு அட்டை திரும்பி வந்தது.

சாயங்காலம் கேட்டுக்குப் போய் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். வண்டி நம்பர் எழுதும் நோட்டை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"கடைசி நம்பர் எவ்வளவு?"

"பதினெட்டு."

"பதினெட்டா? நான் பதினாறுன்னு நினைச்சேன்." பேனாவைச் சட்டைப் பையில் செருகினார். "பதினெட்டுன்னு ஞாபகம் இருந்திருந்தா உங்களைக் கேட்டிருக்கவே மாட்டேன் மச்சான். நிறுத்திட்டு வந்துதான் சொல்லியிருப்பேன்."

அவ்வளவுதான். அந்த இரண்டு வினாடி மறந்ததை அவர் தன் தவறாகவே கடைசிவரை வைத்திருந்தார். பெயிண்ட் அடித்தது என் தவறு என்று நான் சொல்லவும் இல்லை, அவர் கேட்கவும் இல்லை. எஞ்சினியரிடம் சொன்னேன், அவரிடம் சொல்லவில்லை. கிரேனால் எதையும் தூக்கிவிடலாம் என்று மார்தட்டிய எனக்கு அந்த ஒன்று மட்டும் தொண்டையை விட்டு மேலே வரவில்லை. பிறகு பதினேழு வருடம் ஒன்றாக வேலை பார்த்தோம், அவர் ஓய்வு பெறும்வரை. தங்கையும் மெல்ல வீட்டுக்கு வரத் தொடங்கினாள், வந்தாலும் என் ஃபேனுக்கு அடியில் உட்கார மாட்டாள்.

அவரை எடுத்துப்போன அன்று ஏணி வந்திருந்தான். தலை நரைத்துவிட்டது. மூத்த பெண் நர்ஸ் வேலையில் இருக்கிறாளாம், சின்னவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதாம். வாசலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"பதினோரு நிமிஷம் சார். ஏற நாலு."

மிச்சத்தை அவன் சொல்லவில்லை. மேலே ஏழு. அந்தக் கழித்தலை நான் இருபத்து நான்கு வருடமாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

எனக்குக் கீழே இப்போது நாற்பத்தைந்து காற்றாலைகள். ஒரு டவர் கதவின் உள்பக்கமும் பெயிண்ட் அடிக்க விட்டதில்லை. நேற்று அந்தச் சாக்பீஸ் துண்டை எடுத்துக்கொண்டு ஒன்பதாம் நம்பருக்குப் போனேன். நுனியைத் திறக்கச் சொல்லிவிட்டு நானே எண்ணினேன். பதின்மூன்று. மேலே அவர் கையெழுத்தில் பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு. அதன் கீழே என் எழுத்தில் பதின்மூன்று எழுதினேன். நாளை காலை அதை நிறுத்தி வைத்து, மூன்று நுனியையும் பிரித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். காற்று நன்றாகத்தான் அடிக்கிறது. அடிக்கட்டும்.